இரண்டாவது இயந்திரம் என்னும் மாயை: இணையவழிக் காணொளிச் சேவைகளின் இடையறாமை குறித்து

நவீன தொழில்நுட்பத்தைப் போற்றுவோர் அதன் வேகத்தைப் பற்றியும் பரப்பைப் பற்றியும் பேசுமளவுக்கு அதன் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவதில்லை. வீழ்ச்சி நிகழும்போதோ, அது எதிர்பாராத விபத்தென்றும், எவரோ ஒருவரது கவனக்குறைவென்றும் கூறி அமைந்துவிடுவர். ‘இனி இது நிகழாது, இரண்டாவது இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டோம்’ என ஆறுதல் கூறுவாரும் உளர். இவ்விரு மனப்பாங்குகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகும். நம்பகம் என்பது பணங்கொடுத்துப் பெறும் பண்டம் என்ற எண்ணமே அவ்வேர். அதனைக் கிள்ளி எறிதல் அவசியமா என ஐயுறுவோர் பின்வரும் நிகழ்ச்சியை நோக்குதல் தகும்.

2012 டிசெம்பர் 24ஆந் திகதி, நத்தாருக்கு முதல்நாள், ஐக்கிய அமெரிக்காவிலே குடும்பங்கள் தொலைக்காட்சியின்முன் கூடியிருந்த வேளையில், நெட்பிளிக்ஸ் என்னும் இணையவழிக் காணொளிச் சேவை பல வீடுகளில் நின்றுபோயிற்று. அந்நிறுவனம் தனது கணினிப் பணிகளை அமேசன் நிறுவனத்தின் தரவு நிலையங்களில் வாடகைக்கு நடத்திவந்தது. வந்துசேரும் கோரிக்கைகளைப் பல சேவையகங்களுக்கிடையே பங்கிட்டு அனுப்பும் அமைப்பொன்று அங்கு இருந்தது. அமேசனின் கிழக்குப் பிராந்தியத்திலே பராமரிப்புச் செய்நிரல் ஒன்று தவறுதலாக இயக்கப்பட்டமையால், அவ்வமைப்பு எதனை எங்கே அனுப்புவது என்பதற்காக வைத்திருந்த தரவுகளுள் ஒரு பகுதி அழிந்தது. காணொளிகள் அழியவில்லை, சேவையகங்கள் பழுதுறவில்லை, மின்சாரமும் குறைவின்றி இருந்தது. வாயிற்காவலன் வழியை மறந்தான், அவ்வளவே. உள்ளே எத்துணை உதிரிச் சேவையகங்கள் அணிவகுத்து நின்றும் வெளியே நின்றவருக்குப் பயன் கிட்டவில்லை.

இரண்டாவது இயந்திரம் இல்லாமையால் அன்றைய சேவை விழவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இரண்டாவதும் மூன்றாவதும் நூறாவதும் இருக்கவே அது விழுந்தது. ஆகவே இடையறாமை இயந்திரங்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. அது பயின்று பேணவேண்டிய ஓர் ஒழுக்கம். ஒத்திகை காணாத உதிரியை உதிரியெனக் கொள்ளலாகாது. இதனை மறுப்போர் முன்வைக்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இஃது ஒரு கேளிக்கைச் சேவை. ஓரிரவு படம் பார்க்க முடியாமற் போயின் உலகம் முழுகிவிடாது. இதனைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்வதற்கு என்ன உண்டு என்று கேட்போர் உளர். இவ்வினாவில் ஓரளவு நியாயம் இருப்பதுபோலத் தோன்றினும் அது மேலோட்டமானதேயாம். 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாக இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரை மண்டபத்தின் இடத்தை எது பிடித்தது? இதே தொழில்நுட்பத்தின் உறவுமுறைச் சாதனங்களே பிடித்தன. விரிவுரை நடுவே படம் உறைந்து ஒலி அறுந்தபோது இழக்கப்பட்டது கேளிக்கையன்று. ஒரு மாணவனது கல்வி. மேலும், வங்கி, மருத்துவமனை, மின்விநியோகம் ஆகியவற்றை நடத்துவோர் தமது வீழ்ச்சிகளைப் பெரும்பாலும் மறைப்பர். கேளிக்கைச் சேவைகளின் வீழ்ச்சியோ கோடிக்கணக்கானோர் கண்முன் நிகழ்வது. அவற்றைக் கட்டிய பொறியியலாளர் தம் தவறுகளை எழுதியும் பேசியும் வந்துள்ளனர். எனவே கற்பதற்கு இங்கு உள்ள அளவு சான்றுகள் பிற துறைகளில் எளிதிற் கிட்டா.

அடுத்து, இச்சேவையின் அமைப்பினைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். பார்வையாளர் ஒருவர் படமொன்றைத் தெரிவு செய்யும்போது இரு வேறுபட்ட பணிகள் நிகழ்கின்றன. அவர் யார், சந்தா செலுத்தியவரா, எப்படத்தை எங்கு நிறுத்தினார், அவரது கருவிக்கு ஏற்ற பிரதி எது என்பனவற்றைத் தீர்மானிப்பது ஒன்று. தீர்மானித்தபின் காணொளியைத் துண்டு துண்டாக அனுப்பிக்கொண்டிருப்பது மற்றொன்று. முன்னையதை ஆட்சிப்பணி எனவும் பின்னையதை விநியோகப்பணி எனவும் கொள்ளலாம். நெட்பிளிக்ஸின் ஆட்சிப்பணி அமேசனின் தரவு நிலையங்களில் நடைபெறுகின்றது. விநியோகப்பணியோ உலகெங்கும் இணையச்சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ள அந்நிறுவனத்தின் சொந்தப் பெட்டிகளிலிருந்து நடைபெறுகின்றது. 2012இல் அறிவிக்கப்பட்ட ஏற்பாடு இது. இவற்றுள் ஒரு பெட்டி பழுதுற்றால் பார்வையாளரின் கருவி தானாகவே வேறொரு பெட்டியை நாடும். கருவியும் சிறிது நேரத்துக்குரிய காட்சியை முன்கூட்டியே சேமித்துவைத்துக் கொள்வதால், மாற்றம் நிகழ்ந்ததைப் பார்ப்பவர் உணர்வதுமில்லை. இவ்வாறு ஒன்று விழும்போது மற்றொன்று அதன் பொறுப்பை ஏற்பதையே தொழில்நுட்பர் ‘ஃபெயில்ஓவர்’ என்பர். இங்கு அது பொறுப்பேற்பு எனச் சுட்டப்படும்.

இனி, எதிர்வாதிகளின் வலிமைமிக்க படைக்கலமாகிய கணக்கினை நோக்குவோம். ஓர் இயந்திரம் நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்குமாயின், அது விழுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று. அத்தகைய இரண்டினை அருகருகே வைத்தால் இரண்டும் ஒருங்கே விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும். எனவே இடையறாமை 99.99 வீதமாகும் என்பர். ஆண்டொன்றுக்கு 99.9 வீதம் என்பது சுமார் 8 மணி 45 நிமிட நேரத் தடை, 99.99 வீதம் என்பது சுமார் 53 நிமிடம், 99.999 வீதம் என்பது 5 நிமிடத்துக்குச் சற்று மேல். இவ்வொன்பதுகளை எண்ணி எண்ணி விற்பதே இன்று ஒரு வாணிபமாகிவிட்டது.

கணக்கில் பிழையில்லை. அதன் எடுகோளிலேயே பிழை உண்டு. இரண்டு இயந்திரங்களும் ஒன்றன் வீழ்ச்சியோடு மற்றொன்று தொடர்பற்றவை என்பதே அவ்வெடுகோள். ஒரே மின்னிணைப்பு, ஒரே கட்டடம், ஒரே மென்பொருள், ஒரே ஊழியர் இட்ட ஒரே கட்டளை ஆகியவற்றால் பிணைக்கப்பட்ட இரண்டு இயந்திரங்களை இரண்டென எண்ணுவது எங்ஙனம்? 1996 யூன் 4ஆந் திகதி ஏவப்பட்ட ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய ஏவூர்தி சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது. அதன் திசையறி கருவி இரட்டையாகவே அமைக்கப்பட்டிருந்தது. ஆயின் இரண்டிலும் இருந்தது ஒரே மென்பொருள். ஓர் எண் அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அடங்காது மிஞ்சியபோது, காவலுக்கிருந்த கருவி முதலிற் செயலிழந்தது. முதன்மைக் கருவி ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கும் கழியுமுன் அதே காரணத்தால் செயலிழந்தது. ஒரே தவற்றினை இரண்டு பிரதி எடுத்துவைத்தமைக்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

கணக்கின் மற்றொரு பக்கத்தையும் விற்பனையாளர் சொல்வதில்லை. ஒரு படம் திரையில் தோன்றுவதற்கு ஒன்றையொன்று சார்ந்த பத்து உறுப்புகள் இயங்கவேண்டியிருப்பின், ஒவ்வொன்றும் 99.9 வீதம் இயங்கினும் முழுமை 99 வீதத்துக்கே இறங்கிவிடும். அதாவது ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கும் மேற்பட்ட தடை. பத்து உறுப்புகளுள் ஒன்பதை இரட்டித்துப் பத்தாவதை மறந்துவிட்டால், அப்பத்தாவதே முழு அமைப்பின் விதியை எழுதும். 2012இன் வாயிற்காவலன் அத்தகைய பத்தாவது உறுப்பே.

இரண்டாவது வாதம், ‘பிரதிகளை எடுத்து வைத்துள்ளோம், வேண்டும்போது மீட்போம்’ என்பதாகும். 2017 ஜனவரி 31ஆந் திகதி, மென்பொருள் எழுதுவோர்க்குச் சேவை வழங்கும் கிட்லாப் என்னும் நிறுவனத்தில், இரவு வேளையில் களைப்புற்றிருந்த பொறியியலாளர் ஒருவர் பிழையான சேவையகத்தில் அழிப்புக் கட்டளையை இட்டார். மெய்யான தரவுத்தளம் பெருமளவில் அழிந்தது. அந்நிறுவனத்திடம் தரவுகளைக் காப்பதற்கென ஐந்து வழிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் நம்பத்தக்கவாறு இயங்கவில்லை என்பது அன்றுதான் தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்னர் எடுக்கப்பட்டிருந்த பிரதியொன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவுகள் இழக்கப்பட்டன. ஐந்து வழிகளும் காகிதத்தில் இருந்தன, மீட்டுப்பார்த்தவர் எவருமிலர். ஆனால் அந்நிறுவனம் ஒன்று செய்தது: மீட்புப் பணியை மறைக்காது யூடியூப் வழியாக நேரலையிற் காட்டியது, அந்தப் பொறியியலாளரைப் பலியாக்கவுமில்லை. இது பற்றிப் பின்னர் கூறப்படும்.

ஈழத்து நாட்டுக்கூத்தினைக் களரியருகே இருந்து பார்த்தவர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாதிராது. விடியுமட்டும் ஆடும் கூத்தனுக்குக் குரல் கம்மும்போது பிற்பாட்டுக்காரர் பாட்டினைத் தாங்கிக்கொள்வர்; சபையோர்க்கு இடைவெளி தெரிவதில்லை. இஃது எவ்வாறு இயல்கிறது? பிற்பாட்டுக்காரர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்து அழைப்பு வந்தபின் ஓடிவந்தவர் அல்லர். ஒவ்வோர் அடியையும் கூத்தனுடன் சேர்ந்து பாடிவந்தவர். நோயுற்றால் அழைக்கலாம் என ஒருவரை வேற்றூரில் வைத்துவிட்டு, பாட்டும் கொடாமல், ஒத்திகைக்கும் அழையாமல் விட்டால், அவர் வந்துசேர்வதற்குள் கூத்துக் குழம்பிவிடும். பெரும்பாலான நிறுவனங்களின் இரண்டாவது இயந்திரம் அந்த வேற்றூர்க்காரரேயாவர்.

நெட்பிளிக்ஸ் நிறுவனத்தார் தமது வீழ்ச்சிகளினின்றும் கற்றுக்கொண்டது இதனையே. 2008 ஓகஸ்டில் அவர்தம் தரவுத்தளம் சீர்குலைந்து மூன்று நாட்கள் அஞ்சல்வழி இறுவட்டு விநியோகம் தடைப்பட்டதன் பின்னர், தமது சொந்தத் தரவு நிலையத்தை விட்டகலத் தீர்மானித்தனர். அம்மாற்றம் 2016 ஜனவரியிலேயே நிறைவெய்தியது. இடைக்காலத்தில் அவர்கள் வழக்கத்துக்கு மாறான ஒரு செய்நிரலை எழுதினர். குழப்பம் விளைக்கும் குரங்கு என்னும் பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டது. பொறியியலாளர் விழித்திருக்கும் அலுவலக நேரத்தில், மெய்யான சேவை நடந்துகொண்டிருக்கையிலேயே, ஏதேனும் ஒரு சேவையகத்தைத் தெரிந்தெடுத்து நிறுத்திவிடுவது அதன் தொழில். எவ்வியந்திரமும் எக்கணத்திலும் மறையலாம் என்பது நாள்தோறும் மெய்ப்பிக்கப்பட்டமையால், மறைவைத் தாங்காத மென்பொருளை எவரும் எழுதத் துணியவில்லை.

2012 நத்தாரின் பின்னர் இப்பயிற்சி மேலும் விரிந்தது. ஒரு பிராந்தியம் முழுவதையும் கைவிட்டு அங்குள்ள பார்வையாளரைப் பிற பிராந்தியங்களுக்கு மாற்றும் ஒத்திகை தொடங்கிற்று. 2015 செப்டெம்பர் 20ஆந் திகதி அமேசனின் கிழக்குப் பிராந்தியம் மீண்டும் பழுதுற்றபோது, அதனை நம்பியிருந்த சேவைகள் பல தடுமாறின. நெட்பிளிக்ஸோ சிறு தளம்பலோடு பெருந்தடையைத் தவிர்த்துக்கொண்டது. முன்னரே பலமுறை ஒத்திகை பார்த்திருந்தமையே அதற்குக் காரணம் என அதன் பொறியியலாளர் எழுதினர். ஆரம்பத்தில் சுமார் 50 நிமிடம் எடுத்த அம்மாற்றத்தை 2018இல் 10 நிமிடத்துக்குள் முடிக்கவும் அவர்கள் வழிகண்டனர். வாடகை நிலையம் அதே அமேசன். பிராந்தியமும் அதே கிழக்குப் பிராந்தியம். மாறியது பயிற்சி ஒன்றே. ‘எல்லாவற்றையும் பெருநிறுவனம் ஒன்றின் தரவு நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம், இனிப் பொறுப்பு அவர்களுடையது’ எனக் கூறுவோர்க்கு இதனினும் வேறு விடை தேவையில்லை. பணியை வாடகைக்கு விடலாம். பொறுப்பை வாடகைக்கு விட இயலாது.

இவ்விடத்தே கணக்காளர் குறுக்கிடுவர். மூன்று பிராந்தியங்கள் சமமாகச் சுமையைப் பங்கிட்டுச் சுமக்கும்போது ஒன்று வீழ்ந்தால், எஞ்சிய இரண்டும் தத்தம் வழமைச் சுமையின் ஒன்றரை மடங்கைத் தாங்கவேண்டும். அதாவது, உச்ச வேளையிலும் ஒவ்வொன்றினதும் வலுவில் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருத்தல் வேண்டும். ஆண்டு முழுவதும் வெறுமையாக இருக்கும் இம்மூன்றில் ஒரு பங்கு வீண்செலவன்றோ என்பது அவர் வினா. இவ்வினாவே உண்மையான போர்க்களம். வரவு செலவுத் திட்டம் நெருக்கடிக்குள்ளாகும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது இவ்வெறுமையே. இரண்டாவதாக வெட்டப்படுவது ஒத்திகை. வெட்டியவர் பாராட்டும் பதவியுயர்வும் பெறுவார். சேவை விழும் ஆண்டில் அவர் அந்நாற்காலியில் இருக்கமாட்டார். தடையின் நட்டத்தைச் சுமப்பவரும் இலாபத்தைக் கண்டவரும் வெவ்வேறு மனிதராய் இருக்கும்வரை இந்நிலை நீடிக்கும். இடையறாமை பொறியியலின் வினா என்பதோடு நில்லாது சமுதாயத்தின் வினாவாகவும் விரிவது இதனாலேயே.

மூன்றாவது வாதம், மனிதரை நம்பாது யாவற்றையும் தானியங்கு முறைக்கு விட்டுவிடலாம் என்பது. இவ்வாதம் நவீனமானதாகத் தோன்றுவதால் பலரையும் மயக்குகின்றது. 2018 ஒக்டோபர் 21ஆந் திகதி கிட்ஹப் என்னும் நிறுவனத்தின் கிழக்குக்கரைத் தரவு நிலையம் வலையமைப்பினின்றும் 43 வினாடிகள் துண்டிக்கப்பட்டது. அவ்வளவு குறுகிய நேரத்தில் தானியங்கி முறை, கிழக்கு வீழ்ந்ததென முடிவுகட்டி, முதன்மைப் பொறுப்பை மேற்குக்கரைக்கு மாற்றிவிட்டது. இணைப்பு மீண்டபோது, மேற்கில் இல்லாத பதிவுகள் கிழக்கிலும், கிழக்கில் இல்லாத பதிவுகள் மேற்கிலும் இருந்தன. இரண்டையும் இணக்கிச் சேவை முற்றாக வழமைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடங்கள் சென்றன. நோய் 43 வினாடி. மருந்தின் விளைவு ஒரு நாள். இருவர் ஒருங்கே தாமே மன்னர் எனக் கருதும் இந்நிலையைத் தவிர்ப்பதற்காகவே, பெரும்பான்மை வாக்கின்றி எவரும் முதன்மை ஏற்கலாகாது என்ற விதியையும், அதற்கென இரண்டுக்குப் பதிலாக மூன்று நிலையங்களையும் அமைப்பது மரபு. கிட்ஹப்பின் தானியங்கி முறையிலும் அவ்வாக்கெடுப்பு இருந்தது. விதி இருந்தும், அது ஒருநாள் எத்தகைய முடிவை எடுக்கும் என்பதை முன்னரே கண்டறியாமையே கேடாயிற்று.

2025 ஒக்டோபர் 20ஆந் திகதி அமேசனின் கிழக்குப் பிராந்தியம் விழுந்த வரலாறு இதனினும் படிப்பினை மிக்கது. தரவுத்தளச் சேவையொன்றின் இணைய முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் செய்நிரல்கள், ஒன்று தவறினாலும் மற்றொன்று இயங்கவேண்டும் என்பதற்காகவே பலவாக அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று தாமதமுற்றுப் பழைய பட்டியலை இட, மற்றொன்று அதனைப் பழையதெனக் கண்டு அழிக்க, முகவரி வெறுமையாயிற்று. இறுதியில் மனிதர் கையால் திருத்தவேண்டியதாயிற்று. காவலுக்கென வைக்கப்பட்ட பன்மையே வீழ்ச்சியின் காரணமாயிற்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தானியங்கு முறை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மனிதர் கண்விழித்துக் கட்டளையிடுவதற்குள் பார்வையாளர் கலைந்துவிடுவர். பொறுப்பேற்கும் செய்நிரலும் விழக்கூடிய ஓர் உறுப்பே; அதற்கும் ஒத்திகை வேண்டும் என்பதே இதன் பொருள்.

இத்துணை கூறியபின், ஒத்திகையை முதன்மைப்படுத்துவோரை நோக்கியும் ஒரு வினா எழும். ஒத்திகையில் முன்னணி வகிக்கும் நெட்பிளிக்ஸ் 2023 ஏப்ரல் 16இல் தனது நேரலை நிகழ்ச்சியொன்றைத் தொடங்க இயலாது கைவிட்டதே. 2024 நவெம்பர் 15இல் குத்துச்சண்டை நேரலையின்போது ஏராளமானோரின் திரைகளில் படம் உறைந்ததே. இவை எதனைக் காட்டுகின்றன? நேர்மையான வினா, நேர்மையான விடையும் உண்டு. பதிவுசெய்த படத்தை வழங்குதல் வேறு, நேரலை வேறு. முன்னையதில் பெட்டிகளை முன்னிரவே நிரப்பிவைக்கலாம். கருவியும் நீண்ட காட்சியை முன்கூட்டியே சேமிக்கலாம். நேரலையிலோ சேமிப்பு சில வினாடிகளே. வருவோர் யாவரும் ஒரே கணத்தில் வருவர். 2023இன் தவறு, முந்திய நேரலைக்குப் பின் சேவையை மேம்படுத்தவெனச் செய்த மாற்றங்களின்போது புகுந்தது. மில்லியன் கணக்கானோரின் சுமை ஏறியபோதே வெளிப்பட்டது. 2024இல் ஒரே வேளையில் ஓடிய காட்சிகள் உச்சத்தில் 65 மில்லியன் என நிறுவனம் கூறியது. ஒரு கூத்துக்குப் பார்த்த ஒத்திகை மற்றொரு கூத்துக்கு உதவாது என்பதையே இவை காட்டுகின்றன. ஒத்திகைக் கொள்கையை இவை பொய்ப்பிக்கவில்லை. அதன் எல்லையை வரைந்து காட்டுகின்றன.

நேரலையின் தன்மையை நன்கு உணர்ந்து திட்டமிட்டதற்கு இந்தியாவின் ஹொட்ஸ்டார் சேவை சான்றாகும். 2019 ஜூலையில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கிண்ணத் துடுப்பாட்ட அரையிறுதியை ஒரே வேளையில் 25.3 மில்லியன் பேர் அதில் பார்த்தனர். சுமை ஏறியபின் சேவையகங்களைக் கூட்டுதல் காலங்கடந்த செயல் என்பதை அதன் பொறியியலாளர் அறிந்திருந்தனர். எனவே ஆட்டத்துக்கு முன்னரே சேவையகங்களை நிறுத்திவைத்தனர். செயற்கைச் சுமையை ஏற்றி ஒத்திகையும் பார்த்தனர். அவர்கள் கண்ட உண்மையொன்று வியப்பூட்டுவது. கூட்டம் வரும்போது மட்டுமன்றிப் போகும்போதும் ஆபத்து உண்டு. தோனி ஆட்டமிழந்ததும் ஆட்டத்தைக் கைவிட்ட மக்கள் ஒருங்கே முகப்புப் பக்கத்துக்குத் திரும்பினர். ஆட்டத்தைக் காட்டுவது ஒரு பணி. முகப்புப் பக்கத்தில் ஒவ்வொருவர்க்கும் ஏற்ற பரிந்துரைகளைத் தயாரிப்பது அதனினும் கனத்த வேறொரு பணி. அத்தகைய வேளையில் பரிந்துரை போன்ற அணிகலன்களை நிறுத்திவிட்டு ஆட்டத்தை மட்டும் காப்பது என முன்னரே முடிவு செய்துவைத்திருந்தனர்.

எதனை முதலில் இழப்பது என்னும் இம்முடிவே இடையறாமைத் திட்டத்தின் உயிர்நாடி எனலாம். பழுதே நேராத அமைப்பை எவராலும் கட்ட இயலாது. பழுதுறும்போது எவ்வொழுங்கில் எவற்றைக் கைவிடுவது என்பதைப் பகல் வெளிச்சத்தில் அமர்ந்து தீர்மானிக்க இயலும். படத்தின் தெளிவைக் குறைப்பதா, பரிந்துரையை நிறுத்துவதா, கட்டணச் சரிபார்ப்பைத் தற்காலிகமாகத் தளர்த்தி யாவரையும் உள்ளே விடுவதா? இவற்றுக்கான விடை எந்தச் சமன்பாட்டிலும் இல்லை. எதனை மதிக்கின்றோம் என்ற விழுமியம் பற்றிய விடை அது. கலைப்பீடத்தார் இத்துறையில் வாய் திறக்கலாகாது எனக் கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இறுதியாக, தனிமனிதர்மீது பழி சுமத்தும் வாதம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிறு முற்பகலில், இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியோடு தொடுகையுற்றமையே காரணம் எனத் துறைசார் அமைச்சர் அறிவித்தார். நாடு சிரித்தது, உலகமும் சிரித்தது. ஆனால் சிரிப்பு அடங்கியபின் கேட்கவேண்டிய வினா, குரங்கு ஏன் வந்தது என்பதன்று. ஒரு குரங்கின் தொடுகையால் நாடு முழுவதும் விழுமாறு அவ்வமைப்பு ஏன் இருந்தது என்பதே. விடுமுறை நாளில் மின்தேவை குறைந்தும் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்தும் இருந்த வேளையில், வலையமைப்பு அதிர்ச்சியைத் தாங்கும் வலுக் குன்றியிருந்தது என்பதும் பின்னர் விளக்கப்பட்டது. ஆகவே குரங்கு வெறும் தீக்குச்சி. வைக்கோற்போர் முன்னரே உலர்ந்திருந்தது. காணொளிச் சேவை நடத்துவோர் தாமே ஒரு குரங்கை எழுதி, தமது அமைப்பினுள் பகலில் அவிழ்த்துவிட்டனர். இங்கோ, குரங்கு தானே வரும்வரை எவரும் எதனையும் சோதிக்கவில்லை போலும்.

2012இல் அமேசனில் தவறான செய்நிரலை இயக்கியவரும், 2017இல் கிட்லாப்பில் தவறான கட்டளையை இட்டவரும் தண்டிக்கப்பட்டிருப்பின் எது கற்கப்பட்டிருக்கும்? அடுத்தவர் தம் தவற்றை மறைக்கக் கற்றிருப்பார்; பிறிதொன்றுமில்லை. அமேசன் தனது அறிக்கையில், ஒருவர் தனித்து அத்தகைய மாற்றத்தைச் செய்ய இயலாதவாறு முன்னனுமதியைக் கட்டாயமாக்கியதாகக் கூறியது. தவறிய கையைத் தேடுவதை விடுத்து, தவறு புகுந்த வாயிலைத் தேடுவதே அறிவுடைமை. பழிக்கு அஞ்சும் நிறுவனத்தில் ஒத்திகை நடைபெறாது. ஏனெனில், ஒத்திகை என்பது தோல்வியைத் தேடிச் செல்வது, தேடிக் கண்ட தோல்வியை உரத்துச் சொல்வது. தோல்வியைச் சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில் ஒத்திகை யாவும் வெற்றியென்றே அறிக்கை எழுதப்படும்.

எனவே, ஒரு சேவையை நடத்துவோர் ‘எமக்கு மாற்று ஏற்பாடு உண்டு’ என உரைக்கும்போது, அவ்வேற்பாட்டின் விலையையோ ஒன்பதுகளின் எண்ணிக்கையையோ கேட்டு நிறைவடைதல் போதாது. அம்மாற்று ஏற்பாட்டுக்கு இறுதியாக எப்போது பொறுப்பு மாற்றப்பட்டது? அன்று உடைந்தது எது? எதனை முதலில் கைவிடுவதென எவர், எப்போது தீர்மானித்தனர்? தவற்றைச் சொன்னவருக்கு என்ன நேர்ந்தது? இந்நான்கு வினாக்களுக்கும் திகதியோடும் விவரத்தோடும் விடை கூற இயலாத நிறுவனத்திடம் இரண்டாவது இயந்திரம் இருப்பின், அது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு மூலையில் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டி மட்டுமே. பல்கலைக்கழகம் தனது விரிவுரைகளையும் நூலகப் பதிவேடுகளையும் பெறுபேறுகளையும் கணினிகளிடம் ஒப்படைத்துவரும் இக்காலத்தில், அவ்வினாக்களை முதலிற் கேட்கவேண்டிய இடமும் பல்கலைக்கழகமேயாகும்.